சாரணியர் படைப் பொறுப்பை வாங்குமுன் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்

பள்ளிகளில் சாரணியர் படைப் (ஸ்கவுட் இயக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கான கைட்ஸ் படை) பொறுப்பை யாரும் கேட்டு வாங்குவதில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெறுவார், இல்லையென்றால் மாறுதலில் போவார். இருக்கிற ஆசிரியைகளில் கொஞ்சம் இளையவர் யார் என்று பார்த்து அவர் தலையில் கட்டிவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ஒரு சிறிய ஊர், அரசு உதவி பெறும் பெண்கள் உயர்நிலைப் பள்ளி, நான் அறிவியல் ஆசிரியை. 2024 ஜூனில் பள்ளி திறந்த வாரத்தில் பொறுப்பு கைக்கு வந்தபோது மகிழ்ச்சியாகத்தான் வாங்கிக்கொண்டேன். சிறு வயதில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு சுதந்திர தின அணிவகுப்பில் போகும் பிள்ளைகளை ஏக்கத்தோடு பார்த்தவள் நான். அதற்கடுத்த ஒன்றரை வருடத்தில் என் கையிலிருந்து கிட்டத்தட்ட 25,000 ரூபாய் போனது. சனிக்கிழமைகள் போயின, தூக்கம் போனது. அதையெல்லாம் ஒருவழியாக ஆற்றிக்கொண்டேன். மூன்று பிள்ளைகளுக்கு நியாயமாகக் கிடைத்திருக்க வேண்டிய விருது காகிதம் சரியில்லாததால் கிடைக்காமல் போனதைத்தான் இன்னும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. வருகிற ஜூனில் இந்தப் பொறுப்பு யார் தலையில் விழப்போகிறதோ, அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பொறுப்பு என்று என்னிடம் தந்தது ஒரு பீரோ சாவி. திறந்து பார்த்தால் சாயம் போன ஒரு கொடி, இற்றுப்போன கயிறுகள், யாருடையது என்று தெரியாத நாலைந்து தொப்பிகள், பாதி கிழித்த ஒரு ரசீதுப் புத்தகம். வருகைப் பதிவேடு இல்லை. எந்தப் பிள்ளை எப்போது சேர்ந்தாள், எந்தச் சோதனையை எந்தத் தேதியில் முடித்தாள் என்ற குறிப்பு இல்லை. படையின் பதிவை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும் என்பதே எனக்கு அப்போது தெரியாது. சாரண இயக்கத்தின் மாவட்டச் செயலாளருக்குப் போன் செய்து கேட்டபோதுதான் சில வருடங்களாகப் பதிவு புதுப்பிக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. நிலுவைக் கட்டணம், புதிய படிவங்கள், அதற்காக மாவட்டத் தலைநகருக்குப் போய்வந்த பேருந்துச் செலவு எல்லாம் சேர்ந்து 3,000 ரூபாய்க்கு மேல் ஆனது. பள்ளிக் கணக்கில் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள், நானே கட்டினேன்.

சரி, கட்டியாயிற்று, இனி நடத்தலாம் என்று நினைத்தால் அடுத்த அடி அங்கேதான் காத்திருந்தது. தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் 10 வயதில் சேரும் ஒரு பிள்ளை பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான் என்று படிப்படியாக ஏறி வந்து ராஜ்ய புரஸ்கார் என்னும் ஆளுநர் விருதுக்குப் போகலாம். அதற்கும் மேலே குடியரசுத் தலைவர் விருது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் குறிப்பிட்ட மாதங்கள் கழிந்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஏற முடியாது, ஏற்றிவிடவும் முடியாது. முந்தைய ஆசிரியையிடம் நிறையக் கற்றிருந்த மூன்று பேர் அப்போது பத்தாம் வகுப்பில் இருந்தார்கள். முடிச்சு, முதலுதவி, திசைகாட்டி, எதைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அவர்கள் எப்போது என்ன முடித்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. படையின் பதிவே விட்டுப்போன காலத்தில் நடந்த சோதனை கணக்கில் வராது. அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்தது. பரிசீலித்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் கையில் இருந்த காகிதத்தை வைத்து வேறு முடிவு எடுத்திருக்க முடியாது. அந்த மூவரில் ஒருத்தி, "பரவாயில்ல மிஸ், எங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றாள். வீட்டுக்குப் போய் அன்று நன்றாக அழுதேன்.

அதனால் முதல் யோசனை இது. பொறுப்பை வாங்கும் அன்றே, முந்தையவர் ஊரில் இருக்கும்போதே, உட்கார்ந்து எழுதி வாங்குங்கள். படையின் பதிவு எண், கடைசியாகப் புதுப்பித்த ரசீது, ஒவ்வொரு பிள்ளையும் சேர்ந்த தேதி, உறுதிமொழி எடுத்த தேதி, முடித்த சோதனைகள், மீதியிருக்கும் பணம், சாமான் பட்டியல். இருவரும் கையெழுத்துப் போட்டு ஹெச்.எம். கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். சங்கடமாக இருக்கும், பெரியவரிடம் கணக்குக் கேட்பதுபோல் தோன்றும். அந்தச் சங்கடத்தை ஒரு மணி நேரம் தாங்கிக்கொண்டால் போதும். பத்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு, தேதிகளோடு ஒரு கடிதம் கையில் கொடுத்து அனுப்புங்கள். போகிற பள்ளியில் படை இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ரயில்வேயில் சாரணர்களுக்கு என்று தனி ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள். அங்கேயும் கேட்பது சான்றிதழைத்தான்.

பதிவு தாமதமானதற்கு இன்னொரு விலையும் கொடுத்தோம். 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் இயக்கத்தின் வைர விழாப் பெருந்திரளணி (ஜாம்போரி என்னும் பெரிய முகாம்) நடந்தது. நாடு முழுவதிலிருந்தும் சாரண சாரணியர் வந்து கூடாரம் போட்டுத் தங்கினார்கள். நம் வீட்டு வாசலில் நடந்தது என்றே சொல்லலாம், இப்படி ஒன்று இனி எப்போது நம் பக்கம் வருமோ தெரியாது. பெயர் கேட்ட நேரத்தில் எங்கள் படை முறையான பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. பிள்ளைகள் என் போனைச் சுற்றி உட்கார்ந்து படங்களைப் பார்த்தார்கள். அங்கே போய்வந்த பக்கத்து ஊர்ப் பையன்கள் பேட்ஜை மாற்றிக்கொண்ட கதையைச் சொல்லக் கேட்டு, "அடுத்த தடவை எப்ப மிஸ்?" என்று கேட்டார்கள்.

பின்னோக்கி 2024 ஆகஸ்டுக்குப் போகிறேன், ஏனென்றால் அப்போது நடந்ததை எந்தப் படை நடத்துபவரும் தாண்டிப் போக முடியாது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்று சொல்லி நடத்திய போலி முகாமில் பிள்ளைகளுக்கு நேர்ந்த கொடுமை செய்தியாக வந்தது. என்.சி.சி.க்கும் அந்த முகாமுக்கும் சம்பந்தமே இல்லை என்று பிறகு தெரிந்தது. அந்த வாரமே எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வருவது நின்றுபோனது. பெற்றோர் பயந்ததில் ஒரு தவறும் இல்லை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். ஒரு பாட்டி நேராகப் பள்ளிக்கே வந்து, "டீச்சர், வயசுக்கு வந்த பிள்ளைய ராத்திரி வெளியில தங்க வைப்பீங்களாமே, அதெல்லாம் எங்களுக்கு ஆகாது" என்றார். நான் வாக்குவாதம் செய்யவில்லை. உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, என்ன செய்யப் போகிறோம், யார் கூட இருப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில் அவர் கேட்ட கேள்வி, "நீங்க கூடவே படுப்பீங்களா?" என்பதுதான். படுப்பேன் என்றேன்.

அதன் பிறகு பெற்றோர் கூட்டம் போட்டேன். அதில் இரண்டு விஷயம் பேசினேன். ஒன்று, இது ஆண்பிள்ளை விளையாட்டு என்று நினைத்தவர்களுக்குக் கதை சொன்னேன். 1909ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் சாரணர் பேரணியை நடத்தியபோது, யாரும் அழைக்காமலே சில பெண்பிள்ளைகள் தாங்களே சீருடை போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். மறு வருடமே பெண்களுக்குத் தனி இயக்கம் தொடங்கியது, 1911ல் ஜபல்பூரில் இந்தியாவின் முதல் சாரணியர் படை வந்துவிட்டது. இரண்டாவதாகப் பேசியது பாதுகாப்பு. ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள். வெளியிலிருந்து பயிற்சி தர வருபவர் யாராக இருந்தாலும், அவர் யார் என்று மாவட்டச் செயலாளரிடம் எழுத்தில் உறுதி செய்துகொண்ட பிறகுதான் பிள்ளைகள் முன் நிற்பார். புகார் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு யார் வேண்டுமானாலும் அழைக்கலாம் என்று பிள்ளைகள் நோட்டில் எழுதவைத்தேன். போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் மறைப்பதும் குற்றம் என்பதை ஆசிரியைகளிடம் தனியாகச் சொன்னேன். உலக சாரண அமைப்பு 'சேஃப் ஃப்ரம் ஹார்ம்' என்ற பெயரில் இதற்கென்றே ஒரு பயிற்சியை இணையத்தில் வைத்திருக்கிறது. படை நடத்துபவர்களோடு, முகாமில் சமையலுக்கு உதவ வருகிற பெரியவர்கள்கூட அதை முடித்தால் நல்லது.

சீருடை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தாலே எரிச்சல் வருகிறது. எல்லாருக்கும் ஒரே இடத்தில் தைத்தால் மலிவாக வரும் என்று ஒரு தையல்காரரிடம் மொத்தமாக முன்பணம் கொடுத்தோம். குடியரசு தினத்துக்கு வர வேண்டியது மார்ச்சில் வந்தது, அதுவும் நிறம் வேறு, அளவு வேறு. பாதியைப் பயன்படுத்தவே முடியவில்லை. பெற்றோர் பணத்தை நான் திருப்பிக் கொடுத்தேன், 8,500 ரூபாய். அதன்பிறகு நாங்கள் செய்வது இதுதான்: துணியை நாமே வாங்கி, நிறத்தை அங்கீகரித்த மாதிரியோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது, முதலில் ஒரே ஒரு உடுப்பு தைத்துப் பார்ப்பது, மீதிப் பணத்தைப் பிள்ளை போட்டுப் பார்த்த பிறகு கொடுப்பது. பேட்ஜை மட்டும் வெளிக்கடையில் வாங்காதீர்கள், இயக்கத்தின் விற்பனை நிலையத்திலேயே வாங்குங்கள். வசதியில்லாத பிள்ளை முதல் வருடம் ஸ்கார்ஃப் மட்டும் கட்டி வந்தால் போதும் என்று வைத்திருக்கிறோம். பெரிய பிள்ளைகளின் பழைய சீருடையைத் துவைத்து, தேய்த்து, பீரோவில் அளவு வாரியாக அடுக்கிவைத்திருக்கிறோம். யார் எதை எடுத்தார்கள் என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது.

2025 கோடை விடுமுறையில்தான் படை நடத்துபவர்களுக்கான அடிப்படைப் பயிற்சிக்குப் போக முடிந்தது. ஏழு நாள், வீட்டை விட்டு. மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். முதல் இரண்டு நாள் எப்போது முடியும் என்றுதான் இருந்தது. காலையில் ஐந்தரைக்கு விசில், உடற்பயிற்சி, கொடி, பிறகு நாங்களே அணிகளாகப் பிரிந்து சமைத்து, கழுவி, குப்பை அள்ளி, ஏடு எழுதி, இரவு பாடித்தீ (கேம்ப்ஃபயர்). மூன்றாம் நாள் எனக்கு ஒன்று புரிந்தது. பயிற்சி தருபவர்கள் எங்களிடம் நேரடியாக எதையும் சொல்வதில்லை. எல்லாம் அணித் தலைவி வழியாகத்தான் வருகிறது. தண்ணீர் பிடிப்பதிலிருந்து கூடாரம் அடிப்பதுவரை ஆறேழு பேர் தங்களுக்குள்ளேயே முடித்துக்கொள்கிறார்கள். அதுவரை நான் பள்ளியில் செய்துகொண்டிருந்தது ஒரு வகுப்பு நடத்துவதுபோல. முப்பது பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நான் தொண்டை கட்டும்வரை கத்துவேன். பொறுப்பு கைக்கு வந்ததும் முதல் வேலையாக இந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுங்கள். பள்ளி நாளில் வந்தால் பணிநாளாகவே கணக்கிடும் ஓ.டி. அனுமதி கேளுங்கள், தருவார்கள். இது இல்லாமல் படை நடத்துவது வீண் உழைப்பு.

வந்ததும் படையைப் பிரித்தேன். ஒரு படையில் 32 பேருக்கு மேல் வேண்டாம், அணிக்கு ஆறு முதல் எட்டுப் பேர். சாரணியர் அணிகளுக்குப் பூ, பறவை என்று பெயர் வைப்பது வழக்கம். எங்களிடம் தாமரை, செம்பருத்தி, மயில், மைனா. ஒரு அணியில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை கலந்து இருக்க வேண்டும். ஒரே வகுப்புத் தோழிகளை ஒரே அணியில் போட்டால் அது அரட்டைக் கூட்டமாகிவிடும், சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர ஆளும் இருக்காது. அணித் தலைவி யார் என்பதில்தான் எனக்குப் பெரிய நெருக்கடி வந்தது. முதல் ரேங்க் வாங்கும் பெண்ணையே போட வேண்டும் என்று ஒரு பெற்றோர், என் மகளைப் போடாவிட்டால் அனுப்பமாட்டேன் என்று இன்னொருவர். நான் அணிகளிடமே விட்டேன். மைனா அணி தேர்ந்தெடுத்தது படிப்பில் சுமாரான, அதிகம் பேசாத ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணை. எனக்குத் தயக்கமாக இருந்தது, ஆனாலும் மாற்றவில்லை. வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை அவள். யாருக்குப் பசிக்கிறது, யார் சோர்ந்திருக்கிறாள் என்று அவள் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும்.

இப்போது சனிக்கிழமைக் கூட்டம் ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை. கொடி, ஆய்வு, ஒரு ஓட்ட விளையாட்டு, பிறகு அணிகள் தனித்தனி மூலைக்குப் போய்விடும். அங்கேதான் உண்மையான படிப்பு. போன மாதம் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொடியை மடித்துக் கட்டி மேலே ஏற்றி, கீழிருந்து ஒரே இழுப்பில் விரியவைக்க வேண்டும். கட்டு இறுகினால் கொடி விரியாது, தளர்ந்தால் பாதியிலேயே அவிழ்ந்துவிடும். மைனா அணித் தலைவி ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பழைய துப்பட்டாவை வைத்து அதைப் பழக்கிக்கொண்டிருந்தாள். துணியை நீளவாக்கில் மடித்து, சுருட்டி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, கடைசி மடிப்பைக் கண்ணிபோல உள்ளே செருக வேண்டும். சின்னவள் முழு நுனியையும் செருகிவிட்டாள், இழுத்தால் முடிச்சு விழுந்தது. "நுனிய விடாத, கண்ணிய மட்டும் உள்ள கொடு" என்று அவள் கையைப் பிடித்து மூன்றாம் முறை செய்யவைத்தாள். விரிந்தது. நான் சொல்லிக் கொடுத்திருந்தால் இவ்வளவு பொறுமையாகச் சொல்லியிருக்கமாட்டேன்.

மாதத்துக்கு ஒருமுறை அணித் தலைவிகளும் நானும் மட்டும் உட்காருவோம். அடுத்த மாதம் என்ன செய்வது, காசு எவ்வளவு இருக்கிறது, யார் தொடர்ந்து வரவில்லை என்பதையெல்லாம் அவர்கள்தான் பேசி முடிவு செய்வார்கள், ஒருத்தி குறிப்பு எழுதுவாள். வரவு செலவு நோட்டை அந்தக் கூட்டத்தில் திறந்து வைத்துவிடுவேன். பத்து ரூபாய் சணல் கயிறாக இருந்தாலும் ரசீது ஒட்டியிருக்க வேண்டும். நவம்பர் 7 நிறுவன நாளுக்குக் கொடி வில்லை விற்ற காசும் அதில் ஏறும். ஆசிரியை பிள்ளைகளிடம் காசு வாங்குகிறார் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அதோடு படை முடிந்தது; அந்த நோட்டு ஒன்றுதான் பதில்.

இனி முகாம். 2025 காலாண்டு விடுமுறையில் இரண்டு இரவு, ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் மலையடிவாரத்து ஒரு வளாகத்தில். தென்கொரியாவின் சேமங்கமில் 2023 ஆகஸ்டில் நடந்த உலகப் பெருந்திரளணி எப்படியானது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். 40,000க்கும் மேற்பட்டவர்கள் கூடிய அந்த இடத்தில் நிழலில்லை; வெயிலில் நூற்றுக்கணக்கானோர் உடல்நலம் குன்ற, பிரிட்டன், அமெரிக்கக் குழுக்கள் பாதியில் கிளம்பின, கடைசியில் புயல் எச்சரிக்கையால் முகாமே காலி செய்யப்பட்டது. அவ்வளவு பணமும் ஆளும் இருந்த இடத்திலேயே அப்படி என்றால் நமக்கு எப்படி என்று நான் முன்கூட்டியே போய்ப் பார்த்தேன். நிழல் இருந்தது, கழிப்பறை இருந்தது, தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தது. பெற்றோர் கையெழுத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வாமை, மாத்திரை விவரம், இரண்டு போன் எண்கள், எல்லாம் ஒரு கோப்பில்.

கிளம்பும் நாளுக்கு முந்தைய மாலை கூட வருவதாக இருந்த ஆசிரியை போன் செய்தார், வீட்டில் உடம்பு சரியில்லை, வர முடியாது என்று. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு பெண்கள் இல்லாமல் நான் கிளம்பமாட்டேன் என்று பெற்றோரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். போனில் இருந்த ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டேன். பழைய மாணவியின் அம்மா, கிராம சுகாதாரச் செவிலியர், கூட வருகிறேன் என்று இரவு ஒன்பது மணிக்குச் சொன்னார். அந்த அம்மாவை நான் தெய்வமாகத்தான் நினைக்கிறேன். காலையில் பேசிவைத்திருந்த வேன் வரவில்லை. கல்யாணத்துக்குக் கூடுதல் வாடகை கிடைத்ததும் அங்கே போய்விட்டதாம். பிள்ளைகள் பையோடு வாசலில் நிற்க, இரண்டு மடங்கு வாடகையில் வேறு வண்டி பிடித்தோம். வளாகத்துக்குப் போனால் தொட்டியில் தண்ணீர் இல்லை, மோட்டார் கெட்டுவிட்டது என்றார்கள், லாரித் தண்ணீர் வாங்கினோம். வண்டியும் தண்ணீரும் சேர்ந்து திட்டத்துக்கு மேல் 9,000 ரூபாய்.

முதல் இரவு எட்டு மணிக்கு மலைப்பக்கம் மின்னல் வெட்டியது. ஒன்பதரைக்கு இடியோடு மழை கொட்டியது. கரண்ட் போய்விட்டது. கூடாரங்களில் ஒன்று சரிந்து விழுந்தது. இருட்டில் பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டபோது என் கை கால் நடுங்கியது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அணித் தலைவிகள் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். அணிக்குள் ஒவ்வொருத்திக்கும் ஒரு எண் உண்டு. இருட்டில் எண்ணைச் சொல்லிக்கொண்டே, ஒரே கயிற்றைப் பிடித்தபடி, வரிசையாகக் கட்டடத் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். தாமரை எட்டு, செம்பருத்தி ஏழு, மயில் ஏழு. மைனாவில் ஆறு என்று குரல் வந்து நின்றது, ஏழு வரவில்லை. அந்தச் சில நொடிகள் இப்போதும் கனவில் வருகிறது. செவிலியரோடு அவள் ஏற்கெனவே தாழ்வாரத்தில் இருந்தாள். இழுப்பு வந்து இன்ஹேலர் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த இன்ஹேலர் யாரிடம் இருக்கிறது, எந்தப் பையில் இருக்கிறது என்று கோப்பில் எழுதியிருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை. இரவு முழுவதும் யாரும் தூங்கவில்லை. மறுநாள் காலை பெற்றோரைக் கூப்பிட்டு நடந்ததை அப்படியே சொன்னேன். ஒருவரும் பிள்ளையைத் திருப்பி அழைத்துப் போகவில்லை. அந்தப் பாட்டி மட்டும் ஒரு தூக்கில் சுக்குக் கசாயம் போட்டு ஆட்டோவில் கொண்டுவந்தார்.

முகாம் போடப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: இரண்டு பெரியவர்கள் வேண்டும் என்றால் மூன்று பேரைப் பேசிவையுங்கள். வண்டிக்காரரிடம் தேதி, நேரம், வாடகை எழுதிக் கையெழுத்து வாங்கி, மாற்று வண்டி எண்ணையும் வைத்திருங்கள். இடத்தைப் பகலில் பார்த்ததோடு விடாமல் இருட்டிய பிறகும் ஒருமுறை போய்ப் பாருங்கள். விளக்கு எதுவரை எரிகிறது, கழிப்பறைக்குப் போகும் வழியில் என்ன இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். மோட்டாரைப் போடச் சொல்லித் தண்ணீர் ஏறுகிறதா என்று நின்று பாருங்கள். மழை வந்தால் எல்லாரும் ஒதுங்க உறுதியான கூரை இல்லாத இடத்துக்குப் போகவே வேண்டாம். அருகில் எந்த ஆரம்ப சுகாதார நிலையம் இரவில் திறந்திருக்கும் என்று நேரில் விசாரியுங்கள். 108 வரும், ஆனால் அடிவாரத்து ரோட்டில் நேரமாகலாம், ஒரு ஆட்டோ இரவு முழுவதும் அங்கேயே நிற்கட்டும். நாப்கின், மாற்று உடை, பயன்படுத்திய நாப்கினைப் போட மூடியுள்ள தனிக் கூடை, இதைப் பட்டியலில் முதல் வரியாக எழுதுங்கள். பிள்ளைகள் வெட்கப்பட்டுக் கேட்கமாட்டார்கள், கேட்காமலே எடுத்துக்கொள்ளும் இடத்தில் வைத்துவிடுங்கள். மேலும், முகாம் பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் தனியாக எடுத்துவையுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் கேட்டார்கள், சம்பளத்தில் இவ்வளவு போட்டு இதைச் செய்ய வேண்டுமா என்று. நியாயமான கேள்வி. முகாமுக்குப் பிறகு பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் கணக்கு நோட்டை வைத்தேன். இனி முகாம் வண்டிச் செலவைக் கழகம் ஏற்கும் என்று தீர்மானம் போட்டார்கள். அதை நான் முதல் வருடமே கேட்டிருக்க முடியாது, காட்ட நோட்டு இருந்ததால்தான் கேட்க முடிந்தது. போன பணம் போனதுதான், அதைத் திரும்பக் கேட்கவில்லை.

இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் நான்கு பேர் திரிதிய சோபானில் இருக்கிறார்கள். தேதி, கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கிறது. நான் மாறுதலில் போனாலும் ஓய்வு பெற்றாலும் அடுத்தவருக்குத் தர ஒரு கோப்பு தயாராக இருக்கிறது. அதன் நகல் ஒன்று ஹெச்.எம். அறையிலும், ஒன்று அணித் தலைவிகளிடமும் இருக்கிறது. நீங்கள் புதிதாகப் பொறுப்பேற்கிறீர்கள் என்றால், முதல் வாரத்திலேயே மாவட்டச் செயலாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த வருடப் பதிவைப் புதுப்பிக்கக் கடைசித் தேதி எது, அடுத்த அடிப்படைப் பயிற்சி எப்போது. பாடத்திட்டமும் விதிகளும் அவ்வப்போது மாறுவதால் நடப்பு வருடப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், பீரோவில் இருக்கும் பழைய புத்தகத்தை நம்பி ஒரு பிள்ளைக்கும் சோதனை வைக்காதீர்கள்.